தோட்டத்தின் விலையும் கிணற்றின் உரிமையும்



எங்கள் கல்முனைக் கரையோர ஊர்களில், வசதி படைத்த பெரியவர்கள் தம் தோட்டத்தின் வேலியோரத்தில் ஒரு கிணற்றை வெட்டி, அதனை அயலாருக்கும் வழிப்போக்கருக்கும் வக்பு செய்துவிடுவது பழைய வழக்கம். பின்னொரு காலத்தில் அவர்தம் பிள்ளைகள் அத்தோட்டத்தை விற்கலாம். வாங்கியவர் மரத்துக்கும் மண்ணுக்கும் உரியவராவார். ஆனால், கிணற்று நீர் அவருக்கு மட்டும் உரியதாகிவிடாது. வக்பு செய்த பொருளை விற்கவும் இயலாது, மீட்கவும் இயலாது.

இக்கிணறு என் நினைவுக்கு வந்தது, 2024ஆம் ஆண்டிலே எங்கள் பாடசாலைக் கணினி அறையில் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியினால். நம் நாட்டு மென்பொருள் நிறுவனமொன்றை வெளிநாட்டார் பெருந்தொகைக்கு வாங்கவிருக்கின்றனர் என்னும் செய்தியை அவள் பத்திரிகையில் படித்திருந்தாள். "சேர், அந்தக் கம்பனியின் மென்பொருளை எவரும் இலவசமாக எடுக்கலாம் என்று சொல்கிறார்களே. இலவசமாகக் கிடைப்பதை ஒருவர் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்? வாங்கிய பிறகு, இனி ஒருவருக்கும் தரமாட்டேன் என்று பூட்டி வைத்தால் என்ன செய்வது?" என்று கேட்டாள்.

கலைப்பட்டம் பெற்று வரலாறு படிப்பித்தவன் நான். கணினித் துறையில் வல்லவன் அல்லேன். எனினும், வினாவின் உட்கிடை கணினியைப் பற்றியதன்று, பொதுவுடைமையைப் பற்றியது. ஆகவே விடை தேட முற்பட்டேன். தேடிக் கண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், திறந்த மூல மென்பொருள் என்பது யாது? மருதமுனை நெசவாளர் நெய்த சாரன் ஒன்றை நாம் கடையில் வாங்குகிறோம். உடுத்தலாம், துவைக்கலாம். ஆனால் பாவிலே எத்தனை இழை, ஊடையிலே எந்த நிறத்துக்குப்பின் எந்த நிறம் என்னும் கணக்கு நெசவாளரிடமே இருக்கும். கடைகளில் விற்கப்படும் மென்பொருள்கள் பலவும் இத்தகையனவே. பயன்படுத்தலாம், அமைப்பை அறிய முடியாது. துணியோடு கணக்கையும் சேர்த்துக் கொடுத்து, "இதைப் பார்த்து நீயும் நெய்யலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தால் அதுவே திறந்த மூல மென்பொருள். அக்கணக்குக்கு மூலநிரல் என்று பெயர். எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு உரிமம் என்று பெயர். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சார்ட் ஸ்டோல்மன் தொடங்கிய இயக்கத்தினால் இம்முறை உலகெங்கும் வலுப்பெற்றது.

இவ்வுரிமங்களிலும் இருவகை உண்டு. ஸ்டோல்மன் வகுத்த உரிமம், "இதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து பிறருக்கு வழங்குவாயாயின், அதனையும் இதே நிபந்தனையோடு திறந்து வழங்கு" என்று கட்டளையிடும். அப்பாச்சி உரிமம் என்னும் மற்றொன்றோ, "எடுத்துக்கொள், நீ புதிதாகச் செய்ததைத் திறந்து வைப்பதும் மூடி விற்பதும் உன் விருப்பம்" என்று விட்டுவிடும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டில், கலாநிதி சஞ்சீவ வீரவரண என்னும் கணினி அறிஞர், இலங்கை இளைஞர் உலகத் திறந்த மூல மென்பொருட் பணியிலே பங்கேற்க வேண்டுமென்று லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பை நிறுவினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, கடல் எழுந்து வந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். அந்நாட்களில் நான் ஆசிரியன். பாடசாலைகள் அகதி முகாம்களாயின. கரும்பலகைக்கு முன்னே அமர்ந்து, வந்தவர்களின் பெயர்களை அப்பியாசக் கொப்பிகளில் எழுதினோம். ஒரு தாயின் பெயர் எங்கள் கொப்பியில் இருந்தது. அவள் தேடிய மகனின் பெயரோ அடுத்த ஊர் முகாமின் கொப்பியில் இருந்தது. இரு கொப்பிகளும் ஒன்றையொன்று காணவில்லை. மூன்றாம் நாளே தாயும் மகனும் கண்டுகொண்டனர். அம்மூன்று நாட்களையும் எவ்வாறு விவரிப்பேன்!

அதே நாட்களில் கொழும்பிலே தன்னார்வ இளைஞர்கள் இரவும் பகலும் உழைத்து, காணாமற்போனோர், முகாம்கள், தேவைகள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றை ஒன்றாகப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்பது அதன் பெயர். மூலநிரலைத் திறந்தே வைத்தனர். அதனால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஒரு கொப்பி இன்னொரு கொப்பியைக் காணும் வழி, நம் துயரத்தினின்று பிறந்து, பிறர் துயரத்துக்கு மருந்தாயிற்று.

அவ்வாண்டிலேயே, அதாவது 2005இல், வீரவரணவும் போல் பிரீமன்டல் என்பாரும் பிறரும் சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். வங்கியின் கணினியும் தொலைபேசி நிறுவனத்தின் கணினியும் வெவ்வேறு முறையில் அமைந்தவை. அவை ஒன்றோடொன்று பேசுவதற்கு நடுவே நிற்கும் மென்பொருளை இவர்கள் செய்தார்கள். ஈபே போன்ற உலகப் பெரும் வணிக நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. அதையும் அப்பாச்சி உரிமத்தில் திறந்தே வைத்தார்கள்.

இலவசமாகக் கொடுத்தவர் எவ்வாறு பிழைத்தார்? நீரை விற்கவில்லை, பராமரிப்பை விற்றார். நள்ளிரவில் வங்கியின் கணினி நின்றுவிட்டால் ஓடிவந்து சீராக்குவதற்கும், பழுது காணப்பட்டால் உடனே திருத்தம் அனுப்புவதற்கும், ஆலோசனைக்கும் கட்டணம் பெற்றார். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.கியூ.ரி. என்னும் மாபெரும் முதலீட்டு நிறுவனம், 600 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பெறுமதியில் இந்நிறுவனத்தை வாங்கவிருப்பதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே விற்பனை நிறைவேறியது.

ஆகவே மாணவியின் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. வாங்கப்பட்டது தோட்டம். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தங்கள், பதிப்புரிமை, இனி எத்திசையிற் செல்வதென்று முடிவு செய்யும் அதிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பொருளைச் செய்யத் தெரிந்த மனிதர்களின் கூட்டம்: இவற்றுக்கே அந்த விலை. ஏற்கெனவே வழங்கப்பட்ட மூலநிரலோ கிணறு. உரிமத்தின்படி அதை எடுத்தவரிடமிருந்து எவரும் பறிக்க முடியாது.

இரண்டாவது கேள்வி கடினமானது. பூட்டி வைத்தால் என்ன செய்வது? பழைய கிணற்றைப் பூட்ட முடியாது. ஆனால் இனி வெட்டும் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பலாம். அப்பாச்சி உரிமம் அதற்கு இடங்கொடுக்கும். இது எந்த நிறுவனத்தின் மீதும் சொல்லும் குற்றமன்று. பத்திரத்தில் எழுதியுள்ள உண்மை. இத்தகைய வேளையில் என்ன நிகழும் என்பதற்கு, எங்கள் பாடசாலைக் கணினிகளிலேயே ஒரு சான்று உண்டு.

நாங்கள் கடிதமும் கணக்கும் எழுதப் பயன்படுத்துவது லிப்ரே ஒபிஸ் என்னும் மென்பொருள். அதன் வரலாறு விந்தையானது. ஜேர்மனியில் ஸ்டார் டிவிசன் என்றொரு சிறிய நிறுவனம் இருந்தது. அதை 1999இல் அமெரிக்கப் பெருநிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. வாங்கியவர் பூட்டினாரா? இல்லை, 2000ஆம் ஆண்டில் மூலநிரலைத் திறந்துவிட்டார். ஓப்பன் ஒபிஸ் பிறந்தது. பெரியவர் வாங்கினாலே பொதுநலம் கெடும் என்பார் இதைக் கருத வேண்டும். பின்னர், 2010இல், சன் நிறுவனத்தையே ஒராக்கிள் என்னும் மற்றொரு பெருநிறுவனம் வாங்கியது. ஓப்பன் ஒபிஸின் எதிர்காலம் பற்றி, அதனை உருவாக்கிவந்த தன்னார்வலர்கள் கவலையுற்றனர். அவர்கள் வழக்காடவில்லை, வசைபாடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிலே மூலநிரலின் படியொன்றை எடுத்துக்கொண்டு, தனி அறக்கட்டளை கண்டு, தம் பணியைத் தொடர்ந்தனர். பழைய பெயர் ஒராக்கிளுக்கு உரியது. ஆகவே புதுப்பெயர் சூட்டினர். அதுவே லிப்ரே ஒபிஸ். அடுத்த ஆண்டே ஒராக்கிள், ஓப்பன் ஒபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டது.

நேயர்களே, அம்மென்பொருளைக் காத்தது எது? உரிமப் பத்திரம் என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. மறுபாதியை எங்கள் கரையோர மக்கள் அறிவார்கள். கடல் எழுந்த பிறகு எங்கள் கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. சேறும் சிதைவும் நிறைந்தன. கிணற்றின் மீது உரிமை எங்களுக்கு இருந்தது. குடிக்க நீர் இல்லை. இறைத்தும் சேறு வாரியும் பொறுத்திருந்த பிறகே கிணறு மீண்டும் கிணறாயிற்று. மென்பொருளும் அத்தகையதே. அதில் நாள்தோறும் புதுப் பழுதுகள் தோன்றும். திருடர் நுழையும் ஓட்டைகள் வெளிப்படும். இறைப்பாரற்ற மூலநிரல் சில ஆண்டுகளில் பாழ்ங்கிணறாகும். லிப்ரே ஒபிஸ் வாழ்ந்தது, அதன் உட்கணக்கை அறிந்தவர்கள் பல நாடுகளில் இருந்தபடியால். அவர்கள் இல்லாதிருந்தால், பத்திரம் காகிதமாகவே கிடந்திருக்கும்.

நம் நாட்டு நிறுவனத்தை உலகம் இத்துணை மதித்து வாங்கியதே என்று மகிழ்வார் உளர். நம் பொருள் பிறர் கைக்குப் போயிற்றே என்று வருந்துவாரும் உளர். இரு சாராரிடமும் நான் கேட்பது ஒன்றே. அம்மூலநிரலைத் திறந்து படித்துத் திருத்தவல்ல பிள்ளைகள் கல்முனையில் எத்தனை பேர்? சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனை பேர்? கணினிப் பாடம் எனும்போது விசைகளை அழுத்தப் பழக்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம். வாளியால் அள்ளிக் குடிக்கக் கற்பிக்கிறோம். கிணற்றுள் இறங்கக் கற்பிக்கவில்லை. இக்குறையை அதிபராகிய என்மீதும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்.

இவ்விடையெல்லாம் கேட்ட அம்மாணவி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு திரையைச் சுட்டி, "சேர், இதிலே ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருக்கிறது, நாங்கள் அப்படிச் சொல்வதில்லையே" என்றாள். லிப்ரே ஒபிஸின் தமிழ்ச் சொற்களும் தன்னார்வலர்கள் ஆக்கியவையே என்றும், திருத்தம் அனுப்ப எவருக்கும் வழியுண்டு என்றும் கூறினேன். "யார் அனுப்புவது?" என்று கேட்டாள். "கண்டவர் அனுப்ப வேண்டும்" என்றேன். மறுவாரமே, தானும் தோழியர் இருவரும் எழுதிய 11 சொற்களின் திருத்தப் பட்டியலைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். அவற்றில் இரண்டு எனக்கு உடன்பாடில்லை. அவற்றைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.