நாற்காலி கிடைத்த பிறகு

தங்கப் பதக்கம் வாங்கியவர்களுக்கும், அரியரை முட்டிமோதி முடித்து இன்று அங்கி அணிந்திருப்பவர்களுக்கும் என் வாழ்த்து ஒரே அளவுதான்.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனிதர்களுக்குப் பதவி வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பயிற்சிக் காலத்தில் நான் இருந்த தாலுகா ஆபீசில் இரண்டு உதவியாளர்கள். ஒருவர் எல்லோருக்கும் நல்லவர். மேலதிகாரி தலை தெரிந்தாலே எழுந்து நிற்பார். மனு கொண்டுவருகிறவர்களிடம் "வாங்கம்மா, உட்காருங்க" என்பார். மற்றவர் சிடுமூஞ்சி. தாசில்தார் முகத்துக்கு நேராகவே, "ரூல்ல இடமில்லீங்க சார்" என்று ஃபைலைத் திருப்பி வைப்பார். அவரிடம் பேசவே எல்லோரும் தயங்குவார்கள்.

பல வருடம் கழித்து இருவருமே தாசில்தார் ஆனார்கள். இருவர் அலுவலகத்துக்கும் ஆய்வுக்குப் போனேன். நல்லவரின் அறைக்கதவு சாத்தியிருந்தது, வாசலில் டபேதார். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த ஒரு பாட்டி வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விட்டதும், தாசில்தார் மனுவைக் கையில் வாங்காமல் மேசை ஓரத்தைக் காட்டினார். தலை நிமிரவில்லை. "வி.ஏ.ஓ. ரிப்போர்ட் எங்கே? வாங்கிட்டு அடுத்த வாரம் வா." அந்த 'வா' இன்னும் என் காதில் இருக்கிறது.

சிடுமூஞ்சிக்காரரிடமும் அதே மாதிரி ஒரு மனு. பாட்டியை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். ரேஷன் கார்டில் வயது தப்பாக இருந்தது. "ஏம்மா, இதை முன்னாடியே கொண்டுவரக் கூடாதா?" என்று கடிந்துகொண்டே தானே வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு, சாயங்காலத்துக்குள் அறிக்கை வரவேண்டும் என்றார். சிடுசிடுப்பு கொஞ்சமும் குறையவில்லை. பாட்டியின் வேலை முடிந்தது.

அதிகாரம் மனிதனைக் கெடுக்கும் என்பார்கள். நான் பார்த்த வரையில், உள்ளே இருந்ததைத்தான் அது வெளியே கொண்டுவருகிறது. கையில் ஒன்றும் இல்லாத காலத்துப் பணிவு குணமா, பயமா என்று அந்த மனிதருக்கே தெரியாது. கல்லூரியில் எங்கள் தமிழாசிரியர் குறள் நடத்தும்போது இதைச் சொன்னார். ஆளைச் சோதித்துத் தேர்ந்தெடு என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், அடுத்த அதிகாரத்தில், எப்படிச் சோதித்து எடுத்தாலும் வேலையில் அமர்ந்ததும் வேறாகிவிடுகிறவர்கள் பலர் என்கிறாராம். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தேன். தாலுகா ஆபீசில்தான் அது புரிந்தது.

இதே சோதனையில் காமராஜர் எப்படி நின்றார் என்று பாருங்கள். 1954-ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்கு, சி.எஸ்.ஸுக்கு 41. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு இருவரையும் ஓரங்கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ இருவரையும் மந்திரிசபையில் சேர்த்தார். அந்த மந்திரிசபையில் மொத்தமே எட்டுப் பேர். நிதியும் கல்வியும் சி.எஸ். கையில். பள்ளிகளில் மதிய உணவு பரவியது அந்த ஆட்சியில்தான். தோற்றவரின் திறமை வீணாகியிருந்தால் நஷ்டம் காமராஜருக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. 1963 அக்டோபர் 2 அன்று கட்சி வேலைக்காகத் தாமே பதவி விலகினார். அடுத்து முதலமைச்சர் ஆனவர் யார் தெரியுமா? அதே பக்தவத்சலம்தான்.

நாங்கள் என்ன முதலமைச்சர் ஆகவா போகிறோம் என்று நினைக்காதீர்கள். முதல் சம்பளம் வந்ததுமே வீட்டில் உங்கள் சொல்லுக்குக் கனம் கூடிவிடும். தங்கை படிப்பைப் பற்றி அப்பா உங்களிடம் கேட்பார். அலுவலகத்தில் உங்களுக்குப் பிறகு சேரும் புதுப் பையன் உங்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்பான். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உங்களுக்கு சல்யூட் வைப்பார், அவருக்கு உங்கள் அப்பா வயது இருக்கும். உங்கள் அதிகாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வாட்ச்மேனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பையன் தப்புச் செய்தால் பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். தங்கை எந்தப் படிப்பு கேட்கிறாளோ, அதற்கே பணம் கட்டுங்கள்.