மலை வெயிலும் கடல் வெயிலும்

(திருகோணமலைக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



காலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போய் வந்தீர்கள். கல்லு சுட்டது, கால் வைக்க முடியல்ல என்று எல்லாரும் சொன்னீர்கள். "இந்த வெயிலுக்கு நம்ம மலையே தேவல" என்று ஒரு அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. அது பாதிதான் சரி.

வெயிலில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று சூடு. மற்றது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கழியூதாக் கதிர். சூடு நமக்கு உறைக்கும். இந்தக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் உறைக்காது. தோலைக் கெடுக்கிறது அதுதான். மேலே ஏற ஏற அதை வடிகட்டுகிற காற்று குறைகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் கதிர் ஏறத்தாழ பத்திலொரு பங்கு கூடும். நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கு மேலே. அப்படியென்றால், வானம் ஒரேமாதிரி வெளித்திருக்கிற நாளில், இந்தத் துறைமுகக் கரையைவிட உங்கள் கொழுந்து மலையில்தான் அது கூட. குளிர்காத்து வீசும், வேர்க்காது, அதனால் நமக்குத் தெரிவதில்லை. மெல்லிய மேகத்தையும் அது ஊடுருவி வரும். இங்கே கடற்கரையிலே வெண்மணலும் அலை நுரையும் அதைத் திருப்பி மேலே அடிக்கும். தொப்பி போட்ட மீனவர் முகமும் கறுக்கிறது அதனால்தான். அவர்களில் சிலருக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதும் இந்தக் கதிரோடு சம்பந்தப்பட்டதுதான்.

சரி, நமக்குத் தோல் புற்றுநோய் வருமா?

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெள்ளைக்காரர் எண்ணெய் பூசிக்கொண்டு மணலில் படுத்திருப்பதைப் பார்த்தீர்கள். அவர்களுக்கு அந்த நோய் மிகக் கூடுதல். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது பெரும் பிரச்சினை. நமது தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள் நிறைய இருக்கிறது. அது இயற்கை கொடுத்த குடை. ஆகவே வெயிலால் வரும் புற்றுநோய் நம்மிடம் குறைவு. (வாய்ப் புற்றுநோய் வேறு கதை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுதான் முதலிடம். வெற்றிலை, பாக்கு, புகையிலையைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடுவோம்.)

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது வருகிற இடமும் வேறு. வெயில் படுகிற முகத்தைவிட, வெயிலே படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் ஒளிந்து வரும். முச்சக்கரவண்டியிலும் தம்பிமார் சட்டையிலும் படம் போட்டிருக்கிறதே, ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லி, அவருக்கு வந்தது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். பந்து விளையாடினபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981 மே மாதம் இறந்தார். வயது 36.

தோட்டத்தில் கால் எப்போதும் காயம்தான். அட்டை கடிக்கும், கவ்வாத்துக் குச்சி குத்தும், கல்லு வெட்டும். அதனால் காலில் ஒரு கறுப்பு தெரிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடிபட்ட இரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். போகாமல் நின்றால், கறுப்பு அகலமானால், ஓரம் கோணல்மாணலாக இருந்தால், இரத்தம் கசிந்தால், அதை டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது பழைய தீக்காயம். லயத்தில் குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்கள் எத்தனை பேர்! சரிந்தால் எண்ணெய் கொட்டாத, உருளாத கட்டையான விளக்கு ஒன்றைச் செய்தவர் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னே வெந்த தழும்பு இன்னும் பலர் உடம்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட தழும்பில் இருபது, முப்பது வருசம் கழித்தும் புண் கிளம்பிப் புற்றுநோயாகலாம். வருசக்கணக்காக ஆறாத கால் புண்ணிலும் அப்படித்தான். நாலு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் மஞ்சள் வைத்து மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பீர்கள். தெரியும். காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. அதைச் சின்ன விசயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலும் சில நாள் வேலையோடு போகும். பிந்தினால் விரலை, காலை எடுக்க வேண்டி வரலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பிறவியிலேயே தோலும் முடியும் வெள்ளையாக உள்ள பிள்ளை சில குடும்பத்தில் உண்டு. அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன குடை இல்லை. அதை மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கிடைத்தால் வெயில் கிரீம், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குக் கட்டாயம் வேண்டும். வெண்புள்ளி விழுந்தவர்கள் அந்தப் புள்ளியைத் துணியால் மூடிக்கொண்டால் வெந்து போகாது.

மற்ற நமக்கெல்லாம் விலை கூடின கிரீம் தேவையில்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளியே போகாதே என்று சொல்வது சுலபம். கொழுந்து அந்த நேரத்திலும் நிக்குதே! தலைத்துணியை நெற்றிக்கும் பிடரிக்கும் சேர்த்துக் கட்டுங்கள். கையை மூடுங்கள். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தையாவது நிழல் மரத்தடியில் கழியுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருக்கிற நேரம் கதிர் கடுமை. சூரியன் நேர் உச்சியில் வருவது சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு தடவை. இங்கும் மலையிலும் சில நாள்தான் வித்தியாசம்.

இன்னொன்று தங்கைமாருக்கு. கலியாணத்துக்கு முன்னே வெள்ளையாக வேண்டுமென்று பூசுகிற கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இருக்கிற குடையையும் கிழிக்கும்.

நாளைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறோம். ஏழு கிணறு, ஏழு சூடு. குளிக்கும்போது காலைத் தேய்த்துக் கழுவி, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பாட்டிமாருக்குப் பேத்திமார் பார்த்துச் சொல்லட்டும்.