குளத்து மீனே ருசி!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கடலைப் புகழ்ந்தார். சோமனூர்க்காரன் கடல் பார்க்கோணும்னா பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டோணும். சாமளாபுரம் குளத்துக்கோ, தறியை நிறுத்திட்டு சைக்கிளை மிதிச்சாப் போதுமுங்க! கரையில காத்து வாங்கலாம், கெண்டையும் வாங்கலாம்! (சிரிப்பு)

அந்தக் குளத்துக்கு வர்றது நொய்யல் தண்ணி. அதே நொய்யல்ல, திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியா மாறுச்சு. 2011-ல உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. (அமைதி)

கடலைக் காக்க எத்தனையோ நாடுகள் உண்டு. நம்ம குளத்துக்கு நம்மை விட்டா யாருங்க? கரையில உட்கார்ந்து ரசிச்சவன்தான் கழிவு கலந்தாக் கேள்வி கேட்பான்! எனவே, குளமே என்று தீர்ப்பளியுங்கள்! (கைதட்டல்)