கள்வன் சொன்ன உண்மை

(கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. கேட்கத் தவறியவர்களுக்காக நம் பங்கு மடலில் தருகிறோம். நற்செய்தி: லூக்கா 23:35-43)



காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் எந்தச் செய்தியைத் தேடுகிறோம்? மனம் திறந்து சொல்லுங்கள். கொலை, கொள்ளை, மர்மம், இவற்றைத்தானே? நம் தாத்தாக்கள் 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கைத் திண்ணையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசினார்கள். 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கு வந்தது. அடுத்த தலைமுறைக்கு ஆட்டோ சங்கர். இன்று அதே கதைகள் கைப்பேசியில், பின்னணி இசையோடு, இரவு பன்னிரண்டு மணி வரை ஓடுகின்றன.

இவை நம்மை ஏன் இப்படி இழுக்கின்றன? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. குற்றம் வேறு யாரோ வீட்டில் நடக்கிறது. நாம் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறோம். பார்ப்பது மட்டுமே நம் வேலை.

இன்றைய நற்செய்தியும் ஓர் அநியாயக் கொலையைத்தான் சொல்கிறது. அங்கேயும் மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆட்சியாளர்கள் ஏளனம் செய்தார்கள். படைவீரர்கள் கிண்டல் செய்தார்கள். மக்களோ வேடிக்கை பார்த்தார்கள்.

அன்பர்களே, இன்று நான் உங்களிடம் சொல்லப்போகும் வழக்கு யாரோ வீட்டில் நடந்ததல்ல. நம் வீட்டில், நம் திருஅவையின் வீட்டில் நடந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிலுவையில் தொங்கும் அரசரின் விழாவில் கூச்சத்துக்காக உண்மையை விட முடியாது.

ஆண்டு 1992, மார்ச் 27. கேரளத்தில் கோட்டயம் நகரில் புனித பத்தாம் பயஸ் கன்னியர் மடத்து விடுதி. அங்கே தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் அருள்சகோதரி அபயா. தேர்வுக்குப் படிக்க விடியற்காலையில் எழுந்தவர், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய உடல் விடுதிக் கிணற்றில் கிடைத்தது. சமையலறையில் தண்ணீர்ப் புட்டி கீழே கிடந்தது. அவருடைய செருப்பு ஒன்றும் அங்கேயே கிடந்தது.

தண்ணீர் குடிக்கப் போன பெண் எப்படிக் கிணற்றுக்குள் போனார்? உள்ளூர்க் காவல்துறை தற்கொலை என்றது. குற்றப்பிரிவும் தற்கொலை என்றது. 1993இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போனது. அதை விசாரித்த அதிகாரி வர்கீஸ் பி. தாமஸ் இது கொலை என்ற முடிவுக்கு வந்தார். தற்கொலை என்று எழுதும்படி தம்மை மேலிடத்தில் வற்புறுத்தியதாகச் சொல்லி, இன்னும் பல ஆண்டுப் பணி மீதமிருக்கும்போதே வேலையை விட்டு விலகினார். அதன் பிறகு 1996, 1999, 2005 என மும்முறை வழக்கை முடித்துவிடலாம் என்று அறிக்கை போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2008இல்தான் கைதுகள் நடந்தன. கைதானவர்கள் வெளியார் அல்லர். அருள்பணியாளர்களும் ஓர் அருள்சகோதரியும்.

பார்க்கக் கூடாத ஒன்றை அந்த விடியற்காலையில் அபயா பார்த்துவிட்டார், அதை மறைக்கவே அவரைத் தாக்கிக் கிணற்றில் போட்டார்கள் என்பதே வழக்கு. விசாரணை நடந்தபோது சாட்சிகள் சிலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அபயாவோடு அதே விடுதியில் வாழ்ந்தவரும் அவர்களில் உண்டு. கடைசியில், 2020 டிசம்பர் 22 அன்று, 28 ஆண்டுகளுக்குப் பிறகு, திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் ஓர் அருள்பணியாளரையும் ஓர் அருள்சகோதரியையும் குற்றவாளிகள் என்று சொல்லி, மறுநாள் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2022 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கொடுத்தது. ஆகவே யார் மீதும் கல்லெறிய நான் இங்கே வரவில்லை. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அபயாவின் தாயும் தந்தையும் 2016இல் இறந்துபோனார்கள். எந்தத் தீர்ப்பும் அவர்கள் காதில் விழவில்லை.

நான் பேச வந்தது ஒரு சாட்சியைப் பற்றி.

அவர் பெயர் ராஜு. ஊரில் அடக்கா ராஜு என்பார்கள். அடக்கா என்றால் மலையாளத்தில் பாக்கு. தொழில், திருட்டு. இடிதாங்கியில் உள்ள செம்பைத் திருடி விற்பதற்காக அந்த இரவில் மடத்து வளாகத்துக்குள் ஏறிக் குதித்தவர். அங்கே இருந்திருக்கக் கூடாதவர்களைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொள்ளும்படி குற்றப்பிரிவினர் தம்மை அடித்துத் துன்புறுத்தியதாகச் சொன்னார். பணம் தருவதாகவும் ஆசை காட்டினார்களாம். அவர் ஏழை. ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் வாழ்க்கையே மாறியிருக்கும். மாற்றவில்லை. தமக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். நீதிமன்றம் அவருடைய சாட்சியை நம்பியது. தீர்ப்பு வந்த அன்று, தம் பிள்ளைக்கே நீதி கிடைத்ததுபோல் அவர் மகிழ்ந்தார்.

இப்போது கல்வாரிக்கு வாருங்கள். இயேசு குற்றமற்றவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பேதுருவுக்குத் தெரியும், அவர் மறுதலித்தார். சீடர்களுக்குத் தெரியும், அவர்கள் ஓடிவிட்டார்கள். பிலாத்துவுக்குக்கூடத் தெரியும். இவரிடம் குற்றமில்லை என்று மும்முறை சொன்னான். சொல்லிவிட்டுச் சாவுக்குக் கையளித்தான். சிலுவைகள் நடப்பட்ட பிறகு, இவர் தவறு எதுவும் செய்யவில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவர் யார்? பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வர். தாம் தண்டனைக்குரியவர் என்பதையும் ஒளிக்கவில்லை. அவருக்குத்தான் நம் அரசர் அன்றைக்கே வான்வீட்டில் இடம் கொடுத்தார்.

காஞ்சிபுரம் மாவட்டத்து மக்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு தெரியும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி இல்லை என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பிறர் பொருளைத் திருடியவனுக்குத் தகுதி இல்லை. சரிதானே? அந்த விதிப்படி ராஜுவுக்கும் இடமில்லை, கல்வாரிக் கள்வருக்கும் இடமில்லை. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கும் தகுதி இல்லை. அவன் உறவினருக்கும் இல்லை. இந்த விதியை நினைக்கும்போது, அன்பர்களே, என் தலை குனிகிறது. பொறுப்பில் இருக்கிறவர்கள் நாங்கள். கணக்குக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

நம்மில் சிலர் கேட்பார்கள்: சாமி, இதையெல்லாம் வெளியே பேசினால் திருஅவையின் பெயர் கெடாதா? மக்களுக்கு இடறல் ஆகாதா? இடறல் எது? ஒரு குற்றம் நடந்ததைச் சொல்வது இடறலா, நடந்ததை மூடி வைப்பது இடறலா? கிணற்றுக்குள் செத்த எலி கிடந்தால், மேலே பலகை போட்டு மூடினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பாலியல் கொடுமைகள் பற்றித் தெரிய வந்தால் அருள்பணியாளரும் துறவியரும் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே போட்டார். உயர் பொறுப்பில் இருப்பவர்கள் மூடி மறைப்பதும் விசாரணைக்கு உரிய குற்றம் என்றார். கிறிஸ்துவுக்கு நம் மௌனம் பாதுகாப்பல்ல. உண்மைக்குச் சான்று பகரவே வந்ததாகப் பிலாத்துவிடம் சொன்ன அரசர் அவர்.

இதைச் சொல்லும் நான் யோக்கியனா? ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

குருவான புதிதில் ஒரு கிராமத்தில் இருந்தேன். கல்யாணமாகி மூன்று ஆண்டுகூட ஆகாத ஒரு பெண் இறந்துபோனாள். “வயித்துவலி தாங்காம மருந்து குடிச்சிட்டா சாமி” என்றார்கள். கிராமத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் தெரியும். எத்தனை பெண்களுடைய சாவை இந்த ஒரு வாக்கியம் மூடியிருக்கிறது! பொழுது சாய்வதற்குள் அடக்கம் என்றார்கள். செபம் சொன்னேன், தீர்த்தம் தெளித்தேன், மண் போட்டேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒரு பாட்டி என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். “சாமி, ராத்திரி அந்தப் புள்ள கத்துனது எங்காதுல கேட்டுச்சு” என்றாள். அவள் குடிப்பவள். ஊரில் யாரும் அவள் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க மாட்டார்கள். நானும் கொடுக்கவில்லை. “செத்த வீட்டில் வம்பு பேசாதே பாட்டி, போ” என்று அனுப்பிவிட்டேன்.

திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது தெரியும். நான் கேட்கவில்லை. ஏன்? சொன்னவள் யார் என்று பார்த்தேன். சொன்னது என்ன என்று பார்க்கவில்லை. அடக்கா ராஜுவைப் பற்றிப் படித்த அன்று அந்தப் பாட்டிதான் என் கண்முன் வந்து நின்றாள். இன்னமும் நிற்கிறாள்.

அன்பார்ந்தவர்களே, மர்மம் என்று நாம் ஆவலோடு கேட்கும் பல கதைகளில் மர்மமே கிடையாது. யாரோ ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. பயத்தினாலோ, மரியாதைக்காகவோ, நமக்கேன் வம்பு என்றோ அவர் பேசாமல் இருக்கிறார். அல்லது அவர் பேசுகிறார், நாம் கேட்பதில்லை.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை ஒருவரைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினால், அவர் உறவினராக இருந்தாலும், ஆசிரியராக இருந்தாலும், என்னைப்போல் அங்கி போட்டவராக இருந்தாலும், முதலில் பிள்ளையை நம்புங்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது, பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தம் கேட்டால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்தாதீர்கள். கதவைத் தட்டுங்கள், 181க்குக் கூப்பிடுங்கள். மூன்றாவது, ஊரில் மதிப்பில்லாதவர் என்று நாம் ஒதுக்கிய ஒருவர் ஏதாவது சொல்ல வந்தால், உட்காரவைத்துக் கேளுங்கள். ஆண்டவர் யார் வாய்வழியாகப் பேசுவார் என்று நமக்குத் தெரியாது.

அபயா என்றால் அச்சமற்றவள் என்று பொருள். அந்தப் பெயருக்குரிய பெண் அந்த விடியற்காலையில் எவ்வளவு பயந்திருப்பாள்! அவளுக்குக் கிடைக்காத அடைக்கலம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கேனும் கிடைக்கட்டும்.

செபிப்போம். சிலுவையை அரியணையாகக் கொண்ட அரசரே, தெரிந்தும் பேசாமல் இருந்த நாள்களுக்காக எங்களை மன்னியும். நீதி கிடைக்காமல் மண்ணுக்குள் போன எல்லாரையும் உம் அரசில் நினைவுகூரும். உம் அருகில் தொங்கிய கள்வருக்குக் கொடுத்த துணிவை எங்கள் நாவுக்கும் தாரும். ஆமென்.