கணிப்பொறியின் முன் முதல் நாள்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று செயலாளர் அவர்கள் என்னிடம் சற்றே தயக்கத்துடன் கேட்டார்கள். ஒரு கணிப்பொறியில் நிரல்பெயர்ப்பியை, வழக்கில் கம்பைலர் என்கிறோமே அதனை, நிறுவுவது எப்படி என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். அரைமணி நேர வேலை. ஆயினும் அந்த அரைமணி நேரத்தில் தோற்றுப்போய், இப்படிப்பே நமக்கு உரியதன்று என்று எண்ணிக்கொண்ட பிள்ளைகளை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

முதலில் இக்கருவி யாதெனப் பார்ப்போம். மனிதன் படித்தறியும்படி எழுதிய நிரலைக் கணிப்பொறி நேரடியாக அறியாது. அதற்குத் தெரிந்தவை எண்களாலான கட்டளைகள் மட்டுமே. இடையில் நின்று பெயர்த்துத் தருவதே நிரல்பெயர்ப்பி. 1952ஆம் ஆண்டில் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் இத்தகைய முயற்சிக்கு வழிகோலினார். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினரின் ஃபோர்ட்ரான் வெளிவந்தது. நம் நாட்டில் 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்த ஐ.பி.எம். 1620 பொறியில் அம்மொழியைப் பயின்றவர்கள், அட்டைகளில் துளையிட்டே நிரல் எழுதினார்கள்.

துளையிட்ட அட்டை நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். ஓவியர் வரைந்த பூவைக் கட்டக் காகிதத்தில் ஏற்றி, அதைப் பார்த்து அட்டை அடிப்பவர் செய்வதும் பெயர்ப்பு வேலைதான். பூ ஒன்றே, ஆனால் 120 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை 240 கொக்கிப் பெட்டிக்குப் பொருந்தாது. அதுபோலவே நாம் எழுதும் மூல நிரல் ஒன்றாக இருப்பினும், விண்டோஸுக்காகப் பெயர்த்த கோப்பு லினக்ஸில் நேரடியாக ஓடாது; லினக்ஸுக்குப் பெயர்த்தது மேக்கில் ஓடாது. ஒவ்வோர் இயக்க அமைப்பும் கோப்பின் அமைப்பைத் தனக்கென ஒருவிதமாக வகுத்துக்கொண்டுள்ளது. எனவேதான் நிறுவும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அத்திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவில் முதல் கணிப்பொறி அதுதான். என் தாயார் அதற்குத் துணியில் உறை தைத்தார்கள். கல்லூரியில் முதல் வாரம், சி மொழியில் ஒரு சிறு நிரலை வீட்டிலேயே ஓட்டி வருமாறு பணித்தார்கள். எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘ஆம்’ என்று அழுத்தி, கறுப்புத் திரையில் ‘ஜிசிசி’ என்று தட்டினேன். இச்சொல் அகக் கட்டளையாகவோ புறக் கட்டளையாகவோ அடையாளம் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அரசு கொடுத்த பொறியைக் கெடுத்துவிட்டேன் என்றே நடுங்கிப்போனேன். மறுநாள் ஆய்வகத்தில் இருந்தவரிடம் காட்டினேன். “உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா இந்தப் படிப்பு?” என்றார் அவர். பக்கத்து மேசை மாணவனுக்கும் அதே வரிதான் வந்திருந்தது. பெங்களூரில் பணிபுரியும் அவனுடைய அண்ணன் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேச, அவனுடையது சரியாகிவிட்டது. எனக்கு அறிவு குறையவில்லை, அண்ணன் இல்லை. அவ்வளவே.

அந்த அண்ணன் சொன்னது என்ன? நிரல்பெயர்ப்பி பொறிக்குள் நன்றாகவே இருக்கிறது. அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை விண்டோஸ் அறியாது. கட்டளை ஒன்றைத் தட்டும்போது எங்கெங்கே தேட வேண்டும் என்பதற்கு விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதற்குப் பாத் என்று பெயர். சூழல் மாறிகள் என்னும் பகுதியில் அப்பட்டியலைத் திறந்து, ஜிசிசி இருக்கும் ‘பின்’ என்னும் கோப்புறையின் முழு முகவரியையும் சேர்த்துவிட வேண்டும். சேர்த்த பின்னும் பழைய கறுப்புத் திரையிலேயே தட்டிப் பார்த்தால் அதே பிழைதான் வரும். ஏனெனில் முன்னரே திறந்திருந்த சாளரம் பழைய பட்டியலையே கையில் வைத்திருக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறவுங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் மூன்று நாள் வீணானது எனக்கு.

விண்டோஸ் தன்னோடு சி மொழிக்கான நிரல்பெயர்ப்பி எதையும் கொண்டு வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். இணைய வசதி உள்ளவர்கள் எம்சிஸ்2 என்பதை நிறுவி, அதன் வழியாக ஜிசிசியைப் பெறலாம். நிறுவும் கோப்புறையின் பெயர் சுருக்கமாக, இடைவெளி இன்றி, ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். தமிழில் பெயரிட்டால் சில கருவிகள் திணறும். மொழிப்பற்றை இங்கே காட்டாமல் நிரலுக்குள் காட்டுங்கள். இணையம் இல்லாதோர்க்கும், ஆய்வகப் பொறியில் நிறுவும் உரிமை இல்லாதோர்க்கும் டபிள்யூ64டெவ்கிட் என்று ஒன்று உண்டு. பென்டிரைவில் எடுத்துவந்து விரித்தாலே போதும். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மேல்நிலை இரண்டாம் ஆண்டில் பைத்தான் பயிலும் தங்கையருக்கும் ஒரு சொல்: நிறுவும் முதல் திரையின் அடியில், பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அது குறியிடப்படாமலே வரும். அதில் குறியிட்ட பிறகே மேலே செல்லுங்கள். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8 வரையே ஏறும். புதியது ஏறவில்லையெனில் குற்றம் உங்களுடையதன்று.

அரசு வழங்கிய அம்மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயக்க அமைப்பு அது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? நான் திறந்ததில்லை. நிரலாக்கம் பயில்வோர்க்கு லினக்ஸைப் போல் இணக்கமானது வேறில்லை. டெபியன், உபுண்டு வகையில் முனையத்தைத் திறந்து, சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், பில்ட்-எசென்ஷியல் என்று நான்கு சொற்களை இடைவெளி விட்டுத் தட்டினால் முடிந்தது. பெயர்ப்பி, இணைப்பி, நூலகக் கோப்புகள் யாவும் தத்தம் இடத்தில் வந்து அமரும்; பாத் தொல்லை இல்லை. கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டும் எழுத்து திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை பழுதென்று எண்ணாதீர்கள். முழுதும் தட்டி முடித்து உள்ளிடு விசையை அழுத்துங்கள். பெயர்த்து முடிந்ததும் ‘ஏ.அவுட்’ என்றொரு கோப்பு பிறக்கும். அதை ஓட்ட, பெயருக்கு முன் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இடவேண்டும். நீங்கள் நிற்கும் கோப்புறையை லினக்ஸ் தானாகத் தேடாது.

மேக் கணிப்பொறி நம்மில் வைத்திருப்போர் சிலரே. அதன் முனையத்தில் எக்ஸ்கோட்-செலக்ட் என்னும் கட்டளையால் கருவிகளைப் பெறலாம். அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் மறுமொழி தருவது கிளாங் என்னும் வேறொரு பெயர்ப்பியே. கைப்பேசி மட்டுமே உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்னும் செயலியில் கிளாங்கை ஏற்றி, சி நிரலை முழுமையாக ஓட்டலாம். விரல் வலிக்கும், ஆனால் ஓடும்.

டர்போ சி பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவனாவேன். போர்லாண்டு நிறுவனம் டர்போ சி++ஐ வெளியிட்டது 1990இல். நம் கல்லூரிகள் பலவற்றில் அந்த நீலத்திரை அதன்பின் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அது 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் தானாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்னும் கூட்டுக்குள் வைத்துத்தான் ஓட்டவேண்டும். அதில் ஒரு முழு எண்ணுக்கு 2 பைட்டு. 32,767க்கு மேல் கொள்ளாது. இன்றைய ஜிசிசியில் 4 பைட்டு. டர்போவில் பயின்ற பிள்ளை, வேலைக்கான நேர்காணலில் 2 பைட்டு என்று விடை கூறிவிட்டு வெளியே வருகிறான். சி++ மொழிக்கு 1998இலேயே தரம் வகுத்தாகிவிட்டது. அதற்கு முந்திய வழக்கை நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கற்பிக்க வேண்டும் என்பதே என் மனக்குறை. தேர்வுக்கு அது வேண்டுமென்றால் படியுங்கள். வீட்டுப் பொறியில் ஜிசிசியை ஏற்றுங்கள்.

நிறுவி முடித்ததும் முதல் நிரலாக, வழக்கமான ஆங்கில வாழ்த்துக்குப் பதில் ‘வணக்கம்’ என்று அச்சிடச் செய்யுங்கள். பின்னர் அச்சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு ஐந்தெழுத்து, பொறியோ 21 என்னும். புள்ளியைத் தனியே எண்ணுவதால் ஏழு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. தமிழ் எழுத்தைச் சீரமைத்து 1935இலேயே தம் இதழில் அச்சிட்டுக் காட்டிய பெரியாரின் ஊர் ஈரோடு. 1978இல் அரசு அதனை ஏற்றது. எழுத்தைப் பொறிக்கு ஏற்றதாக்குவது எவ்வளவு பெரிய பணி என்பதை இந்த 21 நமக்கு உணர்த்தும்.

ஜிசிசியை ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டார். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம் என்பது அதன் உரிமம். ஆயினும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, கையில் வருவது வேறு. மகாடு நகராட்சி தன் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானம் போட்டது. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துசென்று அள்ளிப் பருகும்வரை அத்தண்ணீரை நம்மவர் தொட்டதில்லை. அருந்ததியர்க்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2009இல் வந்தது. அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. கல்லூரி வாயில் திறந்தது. ஆய்வக மேசையில் அமர்ந்த பிறகு, பெங்களூர் அண்ணன் இல்லாத பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகையால் சங்க நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அவர்களும் இசைந்தார்கள். மாதந்தோறும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலக அறையில் அமர்ந்திருப்பேன். பழைய அரசு மடிக்கணினி பரணில் கிடந்தாலும் எடுத்து வாருங்கள். மின்கலம் செத்திருந்தாலும் கவலையில்லை. பிழை வந்தால் அந்த வரியை அழிக்காமல், எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதிவாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அறையில் மின்செருகு இடங்கள் இரண்டே உள்ளன; நீளக் கம்பி வைத்திருப்போர் அதையும் கொண்டுவாருங்கள்.