ஆற்றுப்படையும் அலைவழியும்

கோபுரத்தின் துணையின்றிக் கருவிகள் தமக்குள் செய்தி கடத்தும் முறையையும், அதனைத் தமிழில் கற்பிக்கும் வழியையும் இன்று நாம் ஆராய்வோம்.

பொந்தியான் கரையினின்று புறப்படும் மீன்பிடிப் படகுகளில் சிறு வானொலிக் கருவிகள் உள்ளனவெனக் கொள்வோம். ஒன்றின் அலை அடுத்த படகு வரையே எட்டும். தொலைவிலுள்ள படகின் செய்தி கரைசேர, இடைப்பட்ட படகுகள் அதனை வாங்கிக் கைமாற்ற வேண்டும். படகுகளோ ஓரிடத்தில் நில்லா. சற்றுமுன் இருந்த வழி இப்போது இராது. இவ்வமைப்பையே 'ஆட் ஹாக்' வலையமைப்பு என்பர். இலத்தீனில் 'இதற்காக' என்பது அத்தொடரின் பொருள்.

வழியறிய இரு நெறிகள் உண்டு. சார்ல்ஸ் பெர்கின்ஸும் பிரவின் பக்வத்தும் 1994இல் வெளியிட்ட 'டிஎஸ்டிவி' முறையில், ஒவ்வொரு கருவியும் எல்லா இடங்களுக்குமான வழிப்பட்டியலை எப்போதும் வைத்திருக்கும். வழி ஆயத்தமாக இருக்கும். ஆயின் பட்டியலைப் புதுப்பிக்கும் செய்திகளே அலைவரிசையையும் மின்கலத்தையும் உண்டுவிடும். பெர்கின்ஸும் பிறரும் 2003 ஜூலையில் 'ஆர்எஃப்சி 3561' ஆவணமாக அளித்த 'ஏஓடிவி' முறையிலோ, தேவை நேர்ந்தபோது மட்டுமே கருவி அண்டையாரிடம் வழி வினவும். முதற்செய்தி சற்றே தாமதிக்கும், வீண்பேச்சு குறையும். வழிகூறும் விடை வரிசையெண் தாங்கி வரும். எண் பெரிதாயின் செய்தி புதிது; பழைய வழியைக் கருவி தள்ளிவிடும். செய்தி ஒரே வட்டத்தில் சுற்றி அலைவதும் இதனால் தவிர்க்கப்படும்.

இந்நுட்பம் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. ஆற்றுப்படையில் பரிசில் பெற்று மீள்பவன், எதிர்ப்பட்ட வறியவனுக்கு வழிகூறுகிறான். அவன் அண்மையில் சென்று வந்தவன். ஆதலின் அவன் சொல் நம்பத்தக்கது. வரிசையெண் உணர்த்துவதும் அப்புதுமையையே. எனினும், 'ஆற்றுப்படுத்தல்' இன்று உளவளத் துறைச் சொல்லாகிவிட்டது. 'வழிப்படுத்தல்' என்பதே மயக்கமற்றது. அவ்வாறே, 'தற்காலிக வலையமைப்பு' அதன் ஆயுளை மட்டும் சுட்டுகிறது. 'தன்னமை வலையமைப்பு' அது இயங்கும் விதத்தையும் சொல்கிறது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துச் சிவராம் மூர்த்தியும் பி. எஸ். மனோஜும் 2004இல் இத்துறைக்கு அளித்த பாடநூல் ஆங்கிலத்தில் உள்ளது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் கோபுரங்கள் செயலிழந்தால், அண்டையார் கருவிகளே துணையாகும். அந்நாளில் அவற்றை அமைக்கவல்லவர் நம் வகுப்பறைகளினின்றும் எழ வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல்லை மனனம் செய்விப்பதற்கு முன் அது குறிக்கும் செயலை விளக்குங்கள். செயல் விளங்கினால் சொல் தானே நிலைக்கும்.