ஓலையில் இல்லாத தடை



செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள இந்த மண்டபத்தில் மறுபடியும் கூடியிருக்கிறோம். மேடையில் மாலையிட்டு வைத்திருக்கும் படத்தில் இருப்பவரை இந்தப் பகுதியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் நமக்கு வாத்தியாரய்யா. மாலையில் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியாராக நின்றவர். கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பொண்ணையும் பையனையும் கேட்டாச்சா?" அந்தக் கேள்வியைத்தான் இன்றைய சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மன்றத்துக்கு வந்துபோகும் ஒரு தம்பதியின் கதையிலிருந்து தொடங்குகிறோம். அந்தப் பெண் தலித் கத்தோலிக்கக் குடும்பம், செவிலியர் வேலை. பையனும் கத்தோலிக்கர்தான், ஆனால் ஆதிக்க சாதி. இருவருக்கும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. இருவருக்கும் வயது இருபத்தைந்துக்கு மேல். முறைப்படி இரண்டு பங்குகளிலும் ஓலை கொடுத்தார்கள். பையனின் பங்கில் முதல் ஞாயிறு ஓலை வாசித்ததும் சொந்தக்காரர்கள் திரண்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "ஊர் அமைதி முக்கியம். பெற்றோர் சம்மதத்தோடு வா, மந்திரித்து வைக்கிறேன்" என்றார். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை. கடைசியில் அவர்கள் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டார்கள்.

இன்று அவர்களுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. கோயிலுக்கும் போகிறார்கள். ஆனால் நற்கருணை வாங்க முடியாது. திருச்சபைக்கு வெளியே நடந்த திருமணம் செல்லாது என்கிறார்கள். ஓலையை மறித்த சொந்தக்காரர்கள் முன்வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறார்கள். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு திருச்சபையின் போதனையைப் படித்துப் பார்ப்போம்.

போதனை தெளிவாகவே இருக்கிறது. 1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி ஒரு திருமணத்தை உண்டாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம். அந்தச் சம்மதத்தின் இடத்தில் வேறு எந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது. சட்டம் தடை செய்யாத எவரும் திருமணம் செய்துகொள்ளலாம். வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், இரத்த உறவு, துறவற வாக்கு என்று தடைகளுக்குப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் சாதி இல்லை. வயது வந்த பிள்ளைகளின் திருமணம் செல்லுபடியாகப் பெற்றோர் சம்மதமும் தேவையில்லை. வாத்தியாரய்யா கேட்டதும் சட்டம் கேட்பதும் ஒரே கேள்விதான்.

ஒன்றைக் கவனியுங்கள். மாமன் மகளைக் கட்டுவதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் நம் நாட்டு வழக்கத்தை மதித்து, கேட்டால் விலக்கு கொடுக்கிறார்கள். சாதி மாறிக் கட்டுவதற்குத் தடையே இல்லை, விலக்கும் தேவையில்லை. ஆனாலும் அந்தத் திருமணம்தான் நடக்காமல் போகிறது. சொந்தத்துக்குள் கட்டச் சட்டம் வளைந்து கொடுக்கிறது; சொந்தத்தைத் தாண்டிக் கட்டினால் உள்ள சட்டமே மறந்துபோகிறது.

இது நேற்று தொடங்கியது அல்ல. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மதுரை மிஷனின் பழக்கங்களை விசாரித்து 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, தாலிக் கயிற்றில் மஞ்சள் பூசிய 108 இழைகள் கூடாது, சிறு பிள்ளைகளுக்குக் கல்யாணம் கூடாது என்றார். நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குக் குருக்கள் போகவேண்டும் என்பதும் அதே ஆணையில் இருந்தது. வழக்கு ரோமாபுரியில் நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1744-இல் வந்த இறுதி ஆணையில், பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது. தாலியின் உருவத்தையும் இழைகளையும் எண்ணிப் பார்த்தவர்கள், அந்தத் தாலியை யார் யாருக்குக் கட்டலாம் என்பதைச் சாதியிடமே விட்டுவிட்டார்கள். சீர்திருத்தச் சபைகளிலும் போராட்டம் நடந்தது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டுவிடவேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த பிரெஞ்சு குரு தாராஸ் அடிகளார் காலத்தில் நம் மக்கள் திரளாக மதம் மாறினார்கள். இங்கே திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் திறந்தது. மதம் மாறினோம், படித்தோம். கல்யாணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 1949-இல் ஆன்றி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி ரமணரைப் பார்க்க இதே சாலையில் வந்தார். பிறகு அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்று இந்த மலைக் குகைகளில் தங்கினார். மலையோடு கிறிஸ்தவம் நடத்திய உரையாடலைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அடிவாரத்துச் சேரியோடு நடத்தவேண்டிய உரையாடல் இன்னும் பாக்கி.

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர், சாதியின் சாரம் அகமணம் என்று காட்டிவிட்டார். அகமணம் நீடிக்கும் இடத்தில் கோயிலின் பெயர் மாறலாம், சாதி மாறாது. கேரளத்தில் க்னானாய கத்தோலிக்கர்களின் கோட்டயம் மறைமாவட்டத்தில், சமூகத்துக்கு வெளியே மணம் செய்தவர்கள் உறுப்பினர் தகுதியை இழந்தார்கள். அது செல்லாது என்று 2021-இல் கோட்டயம் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அதே கோட்டயத்தில் 2018 மே மாதம், காதலித்துக் கைப்பிடித்ததற்காக ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. குற்றவாளிகளில் ஒருவர் பெண்ணின் சொந்த அண்ணன்.

அரசு நம்மை எப்படி நடத்துகிறது? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் இல்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நமக்குக் கதவு திறக்கவில்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆதிதிராவிடராகப் பிறந்து, கிறிஸ்தவரானதால் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் பெற்றவர் ஒருவர் அருந்ததியர் பெண்ணை மணந்து, கலப்புமணச் சான்றிதழ் கேட்டார். மதம் மாறினாலும் சாதி மாறாது, ஆகவே இது கலப்புமணம் அல்ல என்று நீதிமன்றம் மறுத்தது. இடஒதுக்கீடு கேட்டால் நீ தலித் இல்லை, கலப்புமணச் சலுகை கேட்டால் நீ தலித்தான். இதனால்தான் நம் பிள்ளைகள் பலர் கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் போய்விடும், போடாவிட்டால் திருமணம் செல்லாது. இந்தப் பயத்தைப் பக்திக் குறைவு என்று பிரசங்கத்தில் திட்டுவதால் பயனில்லை.

திருமண மேய்ப்புப் பணியின் சவால்கள் என்று விவாகரத்தைச் சொல்கிறார்கள், குடியைச் சொல்கிறார்கள், செல்பேசியைச் சொல்கிறார்கள். அவை உண்மையான துன்பங்கள்தான். ஆனால் நாங்கள் உட்கார்ந்த எந்தத் திருமணத் தயாரிப்பு வகுப்பிலும் சாதி பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசப்படவில்லை. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் ஓலை வாசிக்கும் இடம்வரை வந்து சேரவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். தயாரிப்பு வகுப்பில் சாதி ஒரு பாடமாக வரட்டும். திருமணம் செய்துவைக்க மறுக்கும் குரு, காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். ஓலை வாசிப்பது உயிருக்கு ஆபத்தாகும் இடத்தில் ஆயர் அதிலிருந்து விலக்கு அளிக்கட்டும். வெளியே மணம் செய்துகொண்டவர்களைத் தண்டித்தவர்களாக நிறுத்தாமல், சட்டத்திலேயே உள்ள வழியில் அவர்கள் திருமணத்தைச் செல்லுபடியாக்கித் திரும்ப அழைக்கட்டும்.

கடைசியாக நம்மையும் கேட்டுக்கொள்வோம். பறையர் வீட்டுப் பெண் அருந்ததியர் பையனைக் கைகாட்டினால் நம் சேரியில் என்ன நடக்கிறது? அங்கே ஓலையை மறிப்பது யார்? மேடையில் அம்பேத்கரைப் பேசிவிட்டு வீட்டில் உட்சாதி பார்க்கும் தோழர்களை நமக்குத் தெரியும். சில நேரம் அந்தத் தோழர் நாமாகவே இருக்கிறோம். இங்கே இருக்கும் மாணவர்களில் யாராவது நாளை வீட்டில் பேச்செடுக்கும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த மன்றத்துக்கு வாருங்கள், உங்களோடு வருகிறோம். அந்த வீட்டிலும் நாம் முதலில் கேட்கப்போவது வாத்தியாரய்யாவின் கேள்வியைத்தான்.

ஜெய்பீம்.